கசப்பை விரட்டப்போய் கீரையைக் கெடுத்த கதை

ரொம்ப வருஷமா எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், கீரை கசந்தா தண்ணியில போட்டு வேகவிட்டு அந்தத் தண்ணியக் கொட்டிடறது. அப்பவும் கசந்தா இன்னொரு தடவை வேகவிட்டு இன்னொரு தடவை கொட்டறது. கடைசியா தட்டுக்கு வர்றது என்னன்னு எனக்கே சொல்லத் தெரியாது, காக்கி கலர்ல நார் நாரா ஒண்ணு, வாசனையும் கிடையாது ருசியும் கிடையாது, ஆனா கசப்பு மட்டும் எங்கயும் போகாம அடித்தொண்டையில உக்காந்திருக்கும். வீட்ல யாரும் வாயத் தொறந்து குறை சொல்லமாட்டாங்க, ஆனா எல்லார் தட்டுலயும் ஓரத்துல ஒரு சின்ன பச்சைக் குவியல் மிச்சம் இருக்கும். அதைவிட நேரா திட்டியிருக்கலாம்.

சமைக்கற விதத்துலதான் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்படி இல்லைன்னு புரிஞ்சது தொட்டியில செடி போட்ட பிறகுதான். கடுகுக்கீரை, வெந்தயக்கீரை, முட்டைகோஸ் இனத்துல வர்ற தடிச்ச இலையான கேல், காபிப்பொடியில வேரைக் கலப்பாங்களே அந்த சிக்கரி, நாலும் போட்டேன். முதல் பறிப்பு அருமையா இருந்துச்சு, பச்சையாவே பிச்சு தின்னோம். சரியா ஒரு மாசம் கழிச்சு, வெயில் ஏறினப்புறம், அதே செடி, அதே இலை, அதே சட்டி, அதே ஆளு சமைக்கறா, வாயில வைக்க முடியல. நடுவுல ஒரு தண்டு விறுவிறுன்னு மேல கிளம்பி மொட்டு விட்டிருந்துச்சு, அதைப் பாத்து நான் வேற செடி நல்லா வளருதேன்னு சந்தோஷப்பட்டேன். செடி பூக்கப்போகுதுன்னா இலையில கசப்பு ஏறிடும்னு அப்ப தெரியாது. சூடும் தண்ணிப் பஞ்சமும் சேர்ந்தா இன்னும் மோசம். கேல் மாதிரி சில கீரைங்களுக்கு இதுக்கு நேர்மாறா நல்ல குளிர் பட்டா இலையில சர்க்கரை சேர்ந்து ருசி கூடும்.

அதனால இப்பல்லாம் கீரைக்கட்டை கையில எடுத்ததும் நான் முதல்ல பாக்கறது நடுத்தண்டைத்தான். தண்டு தடிமனா, உள்ள நார் ஓடி, நுனியில மொட்டு தெரிஞ்சா அது முத்தல், அதை என்ன செஞ்சாலும் பிஞ்சு இலை ஆகாது. அதை வேண்டாம்னு வைக்கணும்னு இல்ல, எடுங்க, ஆனா சாலட்டுக்கோ சும்மா வதக்கறதுக்கோ எடுக்காதீங்க, பருப்போட வேகவிடறதுக்கு வெச்சுக்கங்க.

அடுத்தது நான் லேட்டா கத்துக்கிட்ட விஷயம், எல்லாக் கசப்பும் ஒரே கசப்பு இல்ல. நான் எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம் பண்ணிட்டிருந்தேன், தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை குடுக்கற மாதிரி. இப்ப சமைக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்டு பச்சை இலையை வாயில போட்டு மென்னு பாப்பேன், அரை நிமிஷ வேலை. மூக்குல ஏறற மாதிரி சுர்ருன்னு ஒரு காரம் சேர்ந்து கசந்தா அது கடுகுக் குடும்பம், அதாவது கடுகுக்கீரை, கேல், அருகுலா, முள்ளங்கி இலை, டர்னிப் இலை இதெல்லாம். காம்பை ஒடிச்சா வெள்ளையா பால் கசிஞ்சு, மூக்குக்கு ஒண்ணும் ஏறாம நாக்கோட பின்பக்கம் மட்டும் ரொம்ப நேரம் கசப்பு நின்னா அது சிக்கரிக் குடும்பம், சிக்கரி, என்டைவ், ரடிக்கியோ, டேன்டிலியன் எல்லாம் அந்தப் பக்கம். முத்திப்போன லெட்டூஸும் இந்த வகைதான், அதையும் ஒடிச்சா பால் வரும். பசலை மாதிரி கீரைங்கள்ல பல்லு கூசற மாதிரி ஒண்ணு வருமே, அதைக் கசப்புன்னு நாம சொன்னாலும் அது கசப்பே இல்ல, ஆக்ஸாலிக் ஆசிட் பண்ற வேலை.

கடுகுக் குடும்பத்துல என்ன நடக்குதுன்னா, இலைக்குள்ள குளுக்கோசினோலேட்னு ஒரு பொருள் ஒரு அறையில இருக்கு, மைரோசினேஸ்னு ஒரு என்சைம் இன்னொரு அறையில இருக்கு. நாம கத்தி வைக்கற வரைக்கும் ரெண்டும் சந்திக்காது. நறுக்கினதும் ரெண்டும் சேர்ந்து அந்த சுர்ருங்கற காரத்தை உண்டுபண்ணும். நான் என்ன பண்ணுவேன், ராத்திரியே பொடிப்பொடியா நறுக்கி டப்பாவுல போட்டு வெச்சிட்டு காலையில சமைப்பேன், நேரம் மிச்சமாம். நேரம் மிச்சம்தான், டப்பாவைத் தொறந்தா கண்ணுல தண்ணி வரும். இப்ப முழு இலையாத்தான் வெச்சிருப்பேன், சட்டி சூடானப்புறம் நறுக்குவேன். சூடு பட்டதும் அந்த என்சைம் செத்துப்போயிடும், மிச்சம் இருக்கற கசப்புப் பொருள் தண்ணியில கரையற ஜாதி, அதனால இந்தக் குடும்பத்துக்கு மட்டும் என் பழைய வைத்தியம் சரியாவே வேலை செய்யும். ஆனா நான் பண்ணின மாதிரி இருபது நிமிஷம் இல்ல. பெரிய பாத்திரத்துல நிறைய தண்ணி, நல்லா உப்பு, தளதளன்னு கொதிக்கறப்ப இலையைப் போட்டு ரெண்டு நிமிஷம், எடுத்து உடனே ஐஸ் தண்ணியில. அவ்வளவுதான். கொஞ்சூண்டு தண்ணியில போட்டா இலை விழுந்ததும் கொதி அடங்கிடும், அது வேகறதுமில்ல கசப்பு இறங்கறதுமில்ல. வைட்டமின் சி கொஞ்சம் தண்ணியோட போகும்தான், ஆனா தட்டு ஓரத்துல ஒதுங்கற கீரையில இருக்கற வைட்டமின் யாருக்கு?

சிக்கரிக் குடும்பத்துக்கு இது பாதிதான் உதவும். நான் செய்யறது, இலையைக் குறுக்கால மெல்லிசா நறுக்கி நல்ல குளிர்ந்த தண்ணியில ஒரு அரை மணி நேரம் ஊறப்போடறது. வெட்டின ஓரத்துலேருந்து பால் கொஞ்சம் இறங்கிடும், இலையும் மொறுமொறுன்னு ஆகும். மிச்சக் கசப்பை விரட்டாம அதுக்கு ஜோடி சேர்க்கணும், கொழுப்பு, உப்பு, புளிப்பு, இனிப்பு. வேகவெச்ச முட்டை, வறுத்த வேர்க்கடலை, சீஸ், நல்லா பொன்னிறமா வதக்கின வெங்காயம், வெந்த உருளைக்கிழங்கு, வெள்ளை பீன்ஸ், இது எதுவானாலும் சரி. வெங்காயத்தை மட்டும் அவசரப்படாம இருபது நிமிஷம் சின்ன தீயில வதக்கிப் பாருங்க, சர்க்கரை போடவே தேவையில்ல.

சர்க்கரைன்னதும் ஞாபகம் வருது. கசந்தா ஒரு ஸ்பூன் சர்க்கரை போடறது என் இன்னொரு பழக்கம். அதனால கசப்பும் தெரியும், தித்திப்பும் தெரியும், ரெண்டும் தனித்தனியா தெரியும். உண்மையில கசப்புக்கு நேர் எதிரி உப்புதான். 1997-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஒரு ஆய்வுல கசப்பும் இனிப்பும் கலந்த தண்ணியில சோடியம் உப்பு சேர்த்தப்ப கசப்பு அமுங்கி இனிப்பு மேல வந்ததைக் காட்டியிருக்காங்க. சிலர் காபிப்பொடியில ஒரு சிட்டிகை உப்பு போடறது இதுக்குத்தான். நான் பயந்து பயந்து கடைசியில உப்பு தூவிட்டிருந்தேன், இப்ப வதக்கறப்பவே போட்டு ருசி பாத்துட்டு, அதுக்கும் மேல தேவைன்னாதான் வேற எதையும் யோசிக்கறேன். பத்துல எட்டு தடவை தேவைப்படறதில்ல.

வெந்தயக்கீரைக்கு உப்பு தூவி கால் மணி நேரம் வெச்சு பிழிஞ்சு எடுக்கற வழக்கம் ஒண்ணு இருக்கு. கசப்பு குறையும், பொய் இல்ல. ஆனா பிழிஞ்ச பச்சைத் தண்ணியோட பாதி வாசனையும் போயிடுது, வெந்தயக்கீரையில வாசனையை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? பிஞ்சு இலைன்னா நான் பிழியறதே இல்ல, தண்டைக் கிள்ளிப் போட்டுட்டு இலையை மட்டும் எண்ணெயில பூண்டோட நேரா வதக்கிடுவேன். முத்தல்னா மட்டும் பிழிவேன்.

கலர் விஷயத்துல ரெண்டு தடவை அவமானப்பட்டிருக்கேன். முதல் தடவை, எலுமிச்சம்பழம் கசப்பை அடக்கும்னு படிச்சுட்டு கீரை வேகறப்பவே பிழிஞ்சு தட்டைப் போட்டு மூடி வெச்சேன், தொறந்தா ராணுவ யூனிஃபார்ம். பச்சை நிறத்தோட நடுவுல ஒரு மெக்னீசியம் அணு இருக்கு, புளிப்பும் சூடும் சேர்ந்தா அதைப் புடுங்கிடும், அப்புறம் நிறம் திரும்பி வரவே வராது. மூடி போட்டாலும் கீரையிலேருந்தே வர்ற ஆசிட் ஆவியா போகாம உள்ளயே சுத்தும், அதனால கீரைக்கு மூடி வேண்டாம், எலுமிச்சை தட்டுக்கு வந்தப்புறம். ரெண்டாவது தடவை, யாரோ சொன்னாங்கன்னு ஆப்ப சோடா போட்டேன். பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, பெயிண்ட் அடிச்ச மாதிரி. கரண்டி வெச்சா கொழகொழன்னு வழியுது, சோப்பு வாடை வேற. அன்னைக்கு வந்திருந்த விருந்தாளி ரொம்ப நல்லவங்க, சூப்பு நல்லாருக்குன்னு சொன்னாங்க. அது சூப்பு இல்ல.

ஒரே கீரை ஒருத்தருக்கு கசந்து இன்னொருத்தருக்கு கசக்காம இருக்கறதும் உண்மைதான், நடிப்பு இல்ல. எங்க அக்கா கேலைப் பச்சையா வெள்ளரிக்கா மாதிரி கடிச்சுத் தின்னுவா, "எங்கடி கசக்குது?"ன்னு என்னையே கேப்பா. நான் அவ பீத்திக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன். 1931-ல ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு வேதியியல்காரர் லேப்ல ஒரு பொடியைக் கொட்டறப்ப அது காத்துல பறந்து, பக்கத்துல இருந்தவர் ஐயோ கசக்குதுன்னாராம், ஃபாக்ஸ் வாயில போட்டுப் பாத்தும் அவருக்கு ஒண்ணுமே தெரியலயாம். அந்தப் பொடி பேரு பிடிசி. அதைக் கசப்பா உணர்றதும் உணராததும் பெரும்பாலும் ஒரு ஜீனைப் பொறுத்ததுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க, கடுகுக் குடும்பக் கீரையோட கசப்பை நாக்கு கண்டுபிடிக்கறதுலயும் அதே ஜீனுக்குப் பங்கு இருக்கு. அதனால சமைக்கறவங்க நாக்கை மட்டும் நம்பி உப்பு, புளிப்பு பாக்காதீங்க. எங்க வீட்ல ருசி பாக்கற வேலை என் பையனுக்கு, அவனுக்குத்தான் எல்லாமே கசக்கும், அவன் ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கும். அவனையும் ஒரே நாள்ல வழிக்குக் கொண்டுவரல, உருளைக்கிழங்குல ஒரு பிடி கலந்து, அப்புறம் ரெண்டு பிடி, இப்படி பத்து பதினஞ்சு தடவை ஆச்சு. திணிச்சிருந்தா இன்னும் ஓடியிருப்பான்.

இப்ப பாதுகாக்கற கதைக்கு வர்றேன், என் காசும் கீரையும் அதிகமா வீணானது இங்கதான். ஃப்ரிட்ஜோட கீழ் டிராயர்ல ஒரு பக்கம் ஆப்பிள், ஒரு பக்கம் கீரை, எவ்வளவு அழகா அடுக்கியிருக்கேன்னு எனக்கே பெருமை. மூணாம் நாள் கீரை மஞ்சளா இருக்கும். விதைச்சவன், வித்தவன் எல்லாரையும் திட்டுவேன். குத்தவாளி ஆப்பிள்தான். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், பேரிக்கா, தக்காளி இதெல்லாம் எத்திலீன்னு ஒரு வாயுவை விடும், அது பட்டா கீரை சீக்கிரம் கிழடாகிடும், பச்சை போய் மஞ்சளாகும். கேரட்டுக்கே அந்த வாயு பட்டா கசப்பு வந்துடும். டிராயரை மாத்தினேன், வேற ஒண்ணுமே பண்ணல, கீரை இன்னும் மூணு நாள் கூடுதலா தாங்குச்சு.

அடுத்த தப்பு, வாங்கின உடனே கழுவி ஈரத்தோட கவர்ல கட்டி உள்ள வெக்கறது. சுத்தமா இருக்கட்டுமேன்னுதான். நாலாம் நாள் அடியில பாத்தா கருப்பா கொழகொழன்னு, வாடை தாங்காது. கீரைக்கு காத்துல ஈரம் வேணும், மேல தண்ணி நிக்கக் கூடாது, இது ரெண்டும் வேறன்னு புரிய எனக்கு எத்தனையோ கட்டு ஆச்சு. இப்ப நான் செய்யறது இதுதான். கட்டைப் பிரிச்சு ரப்பர் பேண்டை எடுத்துடுவேன், அது இறுக்கிப் புடிச்ச இடத்துலதான் முதல்ல அழுகும். மஞ்சள், கருப்பு, நசுங்கின இலை ஒண்ணு விடாம பொறுக்கி எடுத்துடுவேன், ஒரு அழுகின இலை பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துக் கெடுக்கும். கழுவாம, நல்லா காஞ்ச பருத்தித் துணியில லூசா சுருட்டி, வாய் முழுசா மூடாத கவர்ல போட்டு டிராயர்ல வெப்பேன். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை துணி நனைஞ்சிருந்தா மாத்தணும், நான் பாதி தடவை மறந்துடுவேன், இருந்தாலும் ஒரு வாரம் வருது. கேல் அதுக்கு மேலயும் நிக்கும், வெந்தயக்கீரை நாலஞ்சு நாள்தான், அருகுலா அதுக்கும் அவசரக்காரன். அதனால வாரத்துல முதல்ல மெல்லிசு இலையை முடிச்சுட்டு தடிச்ச இலைக்குப் போறது.

கழுவறதும் சமைக்கறதுக்கு முன்னாடிதான். பாத்திரம் நிறைய தண்ணியில கீரையை முக்கி அலசி, கீரையைக் கையால மேல தூக்கி எடுக்கணும். நான் பல வருஷம் பாத்திரத்தோட சல்லடையில கவுத்துட்டிருந்தேன், அடியில படிஞ்ச மண்ணெல்லாம் திரும்ப கீரை மேலயே கொட்டும், அப்புறம் நறநறங்குதுன்னா நறநறங்கத்தானே செய்யும். அடியில மண்ணு தெரியாத வரைக்கும் தண்ணி மாத்துங்க, பொதுவா மூணு தடவை.

வாடின கீரையைத் தூக்கிப் போடாதீங்க. வாடறது வேற, அழுகறது வேற. மஞ்சளாகாம, வாடை வராம, வெறுமனே தொவண்டு கிடந்தா அது தண்ணி இழந்திருக்கு, அவ்வளவுதான். காம்பு நுனியை ஒரு விரல் அளவு வெட்டிட்டு ஐஸ் போட்ட தண்ணியில இருபது நிமிஷம் முக்கி வெச்சா எழுந்து நிக்கும். முதல் தடவை பாத்தப்ப நான் வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் அவ்வளவா அசரல.

ஒரே நேரத்துல நிறைய வந்துட்டா ஃப்ரீசர்தான். இங்கயும் ஒரு கதை. பச்சையா அப்படியே கவர்ல அமுக்கி ஃப்ரீசர்ல தள்ளினேன், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா வைக்கோல் வாடை, கலரும் மங்கிப்போச்சு. உறைஞ்சாலும் இலைக்குள்ள இருக்கற என்சைம் முழுசா தூங்கறதில்ல, மெதுவா வேலை பாத்துட்டேதான் இருக்கும். அதனால கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம், தடிச்ச இலைக்கு மூணு நிமிஷம், எடுத்து ஐஸ் தண்ணியில அதே அளவு நேரம், அப்புறம் நல்லா இறுக்கிப் பிழியணும், இந்தப் பிழியற வேலையில சோம்பேறித்தனம் படக்கூடாது, மிச்சம் நிக்கற தண்ணி ஐஸ் ஆகி பின்னாடி சட்டியில குளம் கட்டும். பிழிஞ்சதை ஒரு வேளைக்கு ஒண்ணுன்னு உருண்டையா உருட்டி, தட்டுல பரப்பி உறையவிட்டு, அப்புறம்தான் கவர்ல போட்டு காத்தை வெளியேத்தி மூடுவேன். மொத்தமா அமுக்கினா செங்கல் மாதிரி ஆகிடும், அதை உடைக்க நான் சுத்தியல் எடுத்த நாளும் உண்டு. மைனஸ் 18 டிகிரியில எட்டுலேருந்து பன்னெண்டு மாசம் நல்லா இருக்கும். கழுவறப்ப மலை மாதிரி தெரியற கீரை கடைசியில கைப்பிடி ஆகும், பயப்படாதீங்க, களவு போகல.

உப்புப் போட்டு புளிக்கவைக்கறதும் கடுகுக்கீரைக்கு பிரமாதமா பொருந்தும். கீரை எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு உப்பு, அதாவது ஒரு கிலோவுக்கு 20 கிராம், நல்லா பிசைஞ்சு தண்ணி விட்டதும் பாட்டில்ல அமுக்கி, இலை தண்ணிக்குள்ளயே முங்கியிருக்கற மாதிரி மேல ஒரு எடை. மேல தலையை நீட்டின இலையிலதான் பூசணம் வரும். ஒரு வாரத்துல புளிப்பு ஏறி அந்தக் கசப்பு வேற ஏதோ நல்ல ருசியா மாறிடும். வெந்தயக்கீரையை மட்டும் நிழல்ல காயவெச்சு டப்பாவுல போட்டுடுவேன், காஞ்சா வாசனை கூடும், கையால கசக்கி கடைசியில தூவினா போதும்.

சமைச்ச கீரை மிஞ்சினா ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விட்டுட்டு காலையில சூடு பண்ணிக்கலாம்னு வெக்காதீங்க. கீரையில இயற்கையாவே நைட்ரேட் இருக்கு, வெளியில கிடந்தா பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், சின்னக் குழந்தைங்களுக்கு அது ஆகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான பாத்திரத்துல ஆறவெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா மூணு நாள் பயப்படாம சாப்பிடலாம். இன்னொண்ணு, எங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தர் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுத்துக்கறார், கீரையில இருக்கற வைட்டமின் கே அந்த மருந்தோட வேலையைக் குறைக்கும். டாக்டர் கீரையை நிறுத்தச் சொல்லல, ஒரு வாரம் மலையா சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் தொடாம இருக்காதீங்க, எப்பவும் ஒரே அளவா இருக்கட்டும்னுதான் சொன்னார். அந்த மருந்து எடுக்கறவங்க இருந்தா அவங்கவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. சிறுநீரகக் கல்லு வந்தவங்களும், அந்த ஆக்ஸாலிக் ஆசிட் இருக்கறதால, பசலை விஷயத்துல அதே மாதிரி கேட்டுக்கறது நல்லது.

இப்ப எங்க ஃப்ரீசர்ல பதினோரு உருண்டை இருக்கு. ஒன்பதுல பேரும் தேதியும் எழுதியிருக்கேன். ரெண்டுல எழுத மறந்துட்டேன், உறைஞ்சப்புறம் கடுகுக்கீரையும் சிக்கரியும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு, மென்னு பாத்தாதான் தெரியும். பையன் ஒரு உருண்டையை மோந்து பாத்துட்டு "இது பெரியம்மாவுக்குக் குடுக்கற கீரை"ன்னான். அக்கா வர்ற வரைக்கும் அது ரெண்டும் அங்கயே இருக்கட்டும்.